இசட்/ஓஎஸ் மேம்படுத்தலில் ரேக்எஃப் பாதுகாப்பைப் பத்திரமாகக் கடத்துவது: முழுமையான வழிகாட்டி

ஐபிஎம் மெயின்பிரேம்களின் இயங்குதளமான இசட்/ஓஎஸ் (z/OS) 2.5-இலிருந்து 3.1-க்கு மாறும் ஒரு தளத்தை (கணினி மையத்தை) மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பாதுகாப்பு மென்பொருள் ரேக்எஃப் (RACF): யார் எதைத் தொடலாம் என்று முடிவுசெய்வது அதுதான். அது இசட்/ஓஎஸ்ஸின் கூடவே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. அதனாலேயே புதிதாக வருபவர்கள் பலர், "ரேக்எஃப் தானாக வந்துவிடும்" என்று திட்டத்தில் ஒரே வரி எழுதி முடித்துவிடுகிறார்கள்.

தானாக வருவது நிரல் மட்டும்தான். உங்கள் எக்சிட்கள் (ரேக்எஃப்போடு நீங்கள் இணைக்கும் சொந்த நிரல்கள்), அட்டவணைகள், டெம்ப்ளேட்டின் நிலை, வால்யூம் (டிஸ்க்) பெயரோடு கட்டிப்போட்ட புரொஃபைல்கள் (அனுமதி விதிப் பதிவுகள்), இவற்றை ஒவ்வொன்றாக நாம்தான் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. புதிய சிஸ்டம் எழுந்துவிட்டால் பாதுகாப்பும் எழுந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு புரோகிராம் தொலைந்தால் ஜாப் விழும், யாராவது கத்துவார்கள். ஒரு பாதுகாப்பு எக்சிட் தொலைந்தால் எல்லாம் முன்பைவிடச் சுலபமாக ஓடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். கீழே உள்ள வரிசை அந்தச் சத்தமில்லாத இழப்பைப் பிடிப்பதற்காக அமைந்தது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் கேள்வி: இந்த ரேக்எஃப் தரவுத்தளத்தை எந்தெந்த சிஸ்டங்கள் பார்க்கின்றன? உற்பத்தி எல்பார்கள் (ஒரே இயந்திரத்தைப் பிரித்து உருவாக்கிய தனித்தனி சிஸ்டங்கள்) மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஓரத்தில் ஒரு பழைய டெவலப்மென்ட் எல்பாரும் அதே டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லா எல்பாரிலும் ஆர்வேரி லிஸ்ட் (RVARY LIST, தரவுத்தளத்தின் நிலையைக் காட்டும் கட்டளை) கொடுத்து, வரும் டேட்டாசெட் (கோப்பு) பெயரையும் வால்யூமையும் தாளில் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டது போதாது, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

இது ஏன் முக்கியம்? 3.1-உடன் ஒரே தரவுத்தளத்தைப் பகிர 2.4, 2.5 ஆகிய இரண்டு பழைய வெளியீடுகளுக்குத்தான் ஆதரவு. அந்த ஓரத்து எல்பார் அதைவிடப் பழையதாக இருந்தால் திட்டமே மாறும். வன்பொருளையும் அப்போதே பாருங்கள்: 3.1-க்கு இசட்14 அல்லது அதற்குப் பிந்தைய இயந்திரம் வேண்டும்.

அடுத்தது ஆர்வேரி கடவுச்சொற்கள். தரவுத்தளத்தை மாற்றவோ நிறுத்தவோ கட்டளை கொடுத்தால், கன்சோலில் ஆபரேட்டர் கடவுச்சொல் தந்தாக வேண்டும். பேக்கப்புக்கு மாற்றும் ஸ்விட்ச்சுக்கு ஒன்று, இயக்கவும் நிறுத்தவும் உள்ள ஸ்டேட்டஸுக்கு ஒன்று. எப்போதோ ஒருவர் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். நம்மில் பலர் சென்னையில் உட்கார்ந்து வேலை செய்கிறோம், பதில் தட்ட வேண்டிய ஆபரேட்டர் வேறொரு நாட்டின் இரவில் இருக்கிறார். அந்த நேரத்தில் கடவுச்சொல்லைத் தேடக் கூடாது. இரண்டு வாரம் முன்பே செட்ராப்ட்ஸ் (SETROPTS, ரேக்எஃப்பின் பொது அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் புதிதாக வைத்து, ஆபரேட்டர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யுங்கள். எதுவுமே வைக்காத தளங்களில் இயல்பான பதில் 'யெஸ்' என்பதுதான். அப்படியே விட்டுவைப்பது ஆபத்து.

ஸ்பெஷல் அதிகாரம் (ரேக்எஃப்பை நிர்வகிக்கும் முழு உரிமை) உள்ள அவசர ஐடி ஒன்று வேண்டும். ரேக்எஃப்போடு வரும் ஐபிஎம்யூசர் என்ற ஐடி ரிவோக் செய்யப்பட்டிருப்பதுதான் (முடக்கப்பட்டிருப்பதுதான்) சரியான நிலை, ஆகவே அதை நம்ப முடியாது. அவசர ஐடியால் உண்மையிலேயே லாகான் ஆகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ஒரு மீட்பு சிஸ்டம்: தனக்கென்று சின்ன ரேக்எஃப் தரவுத்தளத்தோடு ஒற்றை வால்யூமிலிருந்து எழும் சிறிய இசட்/ஓஎஸ். முக்கிய தரவுத்தளமே படுத்துவிட்டால், அதைச் சரிசெய்ய உள்ளே போகும் வாசல் அதுதான்.

## 2. ஒரே வார இறுதியில் இரண்டு மாற்றம் வேண்டாம்

புதிய கடவுச்சொல் விதி, தரவுத்தள மறுசீரமைப்பு, புது கிளாஸ்களை (காக்கப்படும் வளங்களின் வகைகளை) இயக்குவது என்று எல்லாரும் "எப்படியும் சிஸ்டம் கீழே போகிறதே, இதையும் சேர்த்துக்கொள்வோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை ஒருவரால் லாகான் ஆக முடியவில்லை என்றால், காரணம் வெளியீடா, புது விதியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்.

ரேக்எஃப்புக்குப் பதிலாக ஏசிஎஃப்2 அல்லது டாப் சீக்ரெட் வைத்திருக்கும் தளங்களுக்கு இது இன்னும் கறாரான விதி. அவை பிராட்காமின் தனித் தயாரிப்புகள், தனியாகவே மேம்படுத்த வேண்டியவை. புதிய இசட்/ஓஎஸ்ஸை ஆதரிக்கும் நிலைக்கு அவற்றைப் பழைய இசட்/ஓஎஸ்ஸிலேயே முதலில் ஏற்றுங்கள். சில வாரம் ஓடட்டும், ஒரு மாதக் கடைசியையாவது தாண்டட்டும். அப்புறம் ஓஎஸ்ஸைத் தொடுங்கள்.

கட்ஓவருக்கு (புதிய சிஸ்டத்துக்கு மாறும் நாளுக்கு) முந்தைய ஒரு வாரம், அவசியமான பயனர் சேர்ப்பு, நீக்கம், கடவுச்சொல் மாற்றம் தவிர வேறு ரேக்எஃப் மாற்றம் வேண்டாம் என்று அறிவித்துவிடுங்கள்.

## 3. பழைய சிஸ்டத்தைப் படம்பிடித்து வையுங்கள்

பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, இன்றைய நிலை கையில் இருக்க வேண்டும். நான் எப்போதும் ஐந்து விஷயங்களை எடுத்து வைப்பேன்.

செட்ராப்ட்ஸ் லிஸ்ட்டின் முழு வெளியீடு. எந்த கிளாஸ்கள் இயங்குகின்றன, எவை ரேக்லிஸ்ட் ஆகியிருக்கின்றன (நினைவகத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன), கடவுச்சொல் விதி என்ன, எல்லாம் அதில் வரும்.

ரேக்எஃப்பின் தணிக்கைக் கருவியான டிஎஸ்மான் (DSMON) தரும் அறிக்கை. இயங்கும் எக்சிட்கள், ஏபிஎஃப் நூலகங்களுக்கு (சிறப்பு அதிகாரத்தோடு ஓடும் நிரல்கள் இருக்கும் நூலகங்களுக்கு) உள்ள பாதுகாப்பு, ஸ்டார்ட்டட் டாஸ்க்குகளுக்கு (கன்சோலிலிருந்து தொடங்கும் பின்னணி வேலைகளுக்கு) எந்த ஐடி என்பதெல்லாம் அதில் வரும்.

கடைசி ஐபிஎல்லின் (சிஸ்டத்தை எழுப்பும் தொடக்க ஓட்டத்தின்) கன்சோல் லாக். அதில் ஐசிஎச்508ஐ என்ற செய்தியைத் தேடுங்கள். இயங்கும் ரேக்எஃப் எக்சிட்களை அது வரிசையாகப் பெயர் சொல்லும். இந்த ஒரு வரியைத் தனியாக வெட்டி எடுத்து வையுங்கள். ஐபிஎல் இரவில் முதலில் தேடப்போவது இதைத்தான்.

ஐஆர்ஆர்டிபியூ00 என்ற கருவி வழியாக எடுத்த தரவுத்தள அன்லோடு, அதாவது படிக்கக்கூடிய கோப்பு வடிவம். அதை இயங்கும் தரவுத்தளத்தின் மேல் ஓட்டாமல் ஒரு பிரதியின் மேல் ஓட்டுங்கள். பகல் நேரத்தில் பூட்டு விழுந்து பயனர்கள் காத்திருக்க வேண்டி வராது.

ஐந்தாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒரு வாரத்து எஸ்எம்எஃப் 80 பதிவுகள், அதாவது ரேக்எஃப் நிகழ்வுகளின் பதிவுகள். ஐஆர்ஆர்ஏடியூ00 மூலம் அவற்றை விரித்து, ஒரு நாளைக்கு எத்தனை மறுப்புகள், யாருக்கு, எந்த கிளாஸில் என்று எண்ணி வையுங்கள். மறுநாள் மறுப்பு கூடினால் எல்லாரும் கவனிப்பார்கள். குறைந்தால் கவனிக்க இந்த எண்ணிக்கை வேண்டும்.

## 4. பழைய சிஸ்டத்துக்கு முதலில் பிடிஎஃப்

புதிய சிஸ்டம் எழுதுவதைப் பழைய சிஸ்டம் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கான பிடிஎஃப்களை, அதாவது ஐபிஎம் தரும் திருத்தங்களை, பழைய சிஸ்டத்தில் போட்டு, அதை ஒருமுறை ஐபிஎல் செய்த பிறகே புதியது உள்ளே வரலாம்.

நிறுவல் கருவியான எஸ்எம்பி/இ-யில் ரிப்போர்ட் மிஸ்ஸிங்ஃபிக்ஸ் கட்டளையை 'ஐபிஎம்.கோஎக்சிஸ்டன்ஸ்.இசட்/ஓஎஸ்.வி3ஆர்1' என்ற ஃபிக்ஸ்கேட்டோடு (திருத்த வகைப் பெயரோடு) ஓட்டினால் விடுபட்டவை தெரியும். ஹோல்ட்டேட்டாவை (எந்தத் திருத்தம் தேவை, எதில் குறை என்று சொல்லும் ஐபிஎம் கோப்பை) அன்றைக்கே புதிதாக இறக்கிக்கொண்டு ஓட்டுங்கள். மூன்று மாதம் பழைய ஹோல்ட்டேட்டாவை வைத்து ஓட்டிவிட்டு "எதுவும் விடுபடவில்லை" என்று அறிக்கை காட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பகிரும் எல்லா எல்பார்களுக்கும் இது பொருந்தும். முதல் பிரிவில் எழுதிய தாளை இங்கே எடுங்கள்.

## 5. எக்சிட்களும் அட்டவணைகளும்

இந்த வேலையில் அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்.

புதிய வெளியீடு புதிய சிஸ்ரெஸ் வால்யூமில் (சிஸ்டம் எழும் டிஸ்க்கில்) வருகிறது. உங்கள் முன்னோடிகள் ஒரு எக்சிட்டைப் பழைய சிஸ்ரெஸ்ஸின் எல்பிஏ (எல்லாருக்கும் பொதுவான நிரல்கள் இருக்கும்) நூலகத்துக்குள் நேரடியாக லிங்க்எடிட் செய்து சேர்த்திருந்தால், அது அங்கேயே தங்கிவிடும். புதிய சிஸ்டம் அதைக் கேட்காது. எக்சிட் இல்லாமல் எழுவது ரேக்எஃப்புக்கு முற்றிலும் இயல்பான நிலை.

ஒரு தளத்தில், பொதுவான சொற்களைக் கடவுச்சொல்லாக வைக்கவிடாத ஐசிஎச்பிடபிள்யூஎக்ஸ்01 எக்சிட் இப்படித்தான் பின்தங்கிப் போனது. மூன்று வாரம் கழித்துத் தணிக்கையில்தான் தெரிந்தது. அதற்குள் எத்தனை பலவீனமான கடவுச்சொற்கள் உள்ளே போயிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே, ஐசிஎச்508ஐ சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்விகள். மூல நிரல் எங்கே? எந்த நூலகத்தில் இருக்கிறது? அது இன்னும் தேவையா? தேவையானதைப் புதிய வெளியீட்டின் மேக்ரோக்களோடு மறுபடி அசெம்பிள் செய்து, எஸ்எம்பி/இ-யில் யூசர்மாடாக, அதாவது தளத்தின் சொந்த மாற்றமாகப் பதிந்து, போடுங்கள். யூசர்மாடாக இருந்தால் அடுத்த மேம்படுத்தலிலும் கண்ணுக்குத் தெரியும். மூல நிரல் கிடைக்கவில்லை என்றால் அதை ஒரு பெரிய சிக்கலாக மேலே கொண்டுபோங்கள். பழைய லோடு மாட்யூலை அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கடவுச்சொல் எக்சிட்டில் இன்னொரு பொறி உண்டு. ஐபிஎம் தரும் மாதிரி எக்சிட், விதிகளைத் தனக்குள் வைத்திருக்காமல் சிஸ்டம் ரெக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் வசதியில் எழுதிய ஒரு எக்ஸெக்கை (ஸ்கிரிப்ட்டை) அழைக்கும். எக்சிட் மாட்யூல் புதிய சிஸ்டத்துக்கு வந்திருக்கும், எக்ஸெக் பழைய நூலகத்தில் நின்றுபோயிருக்கும். இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் பார்ம்லிப் நூலகத்தின் ஏஎக்ஸ்ஆர் உறுப்பில் உள்ள ரெக்ஸ்லிப் வரிசையையும் பாருங்கள்.

அட்டவணைகளில் முதலிடம் ஐசிஎச்ஆர்டிஎஸ்என்டி. தரவுத்தளத்தின் பெயர் என்ன, பேக்கப் எது என்று ரேக்எஃப்புக்குச் சொல்வது இதுதான். இது புதிய சிஸ்டத்தில் இல்லாமல், மாஸ்டர் ஜேசிஎல்லிலும் (தொடக்கத்தில் ஓடும் ஜாப் வரையறையிலும்) பெயர் இல்லை என்றால், ஐபிஎல் நடுவில் ஐசிஎச்502ஏ என்ற செய்தி வந்து தரவுத்தளத்தின் பெயரை ஆபரேட்டரிடம் கேட்கும். களைத்துப்போன ஆபரேட்டர் 'நன்' (NONE) என்று பதில் போட்டால் சிஸ்டம் ஃபெயில்சாஃப்ட் நிலையில் எழும், ஒவ்வொரு அணுகலுக்கும் கன்சோலில் அனுமதி கேட்கத் தொடங்கும். அந்த நிலையில் ஒரு உற்பத்தி சிஸ்டத்தை ஓட்ட முடியாது.

2.3 முதல் இந்த அட்டவணைக்குப் பதிலாக ஐஆர்ஆர்பிஆர்எம் என்ற பார்ம்லிப் உறுப்பைப் பயன்படுத்தலாம். அசெம்பிளர் தேவையில்லை, கண்ணால் படிக்கலாம். ஆனால் அதற்கு மாறுவதையும் இந்த வார இறுதியில் செய்யாமல் தனியாகச் செய்யுங்கள்.

ஐசிஎச்ஆர்ஆர்சிடிஇ என்ற கிளாஸ் அட்டவணையில் உங்கள் தளம் சொந்தமாக உருவாக்கிய கிளாஸ்கள் இருக்கலாம். புதிய வெளியீடு கொண்டுவரும் கிளாஸ் பெயர்களோடு மோதுகிறதா என்று பாருங்கள். கிளாஸின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் பாசிட் எண்கள் 19 முதல் 56 வரையும் 128 முதல் 527 வரையும்தான் தளங்களுக்கு உரியவை. அதற்கு வெளியே யாராவது எண் எடுத்திருந்தால் மோதல் இன்றில்லாவிட்டாலும் அடுத்த வெளியீட்டில் வரும்.

## 6. வால்யூம் பெயர் பதுங்கியிருக்கும் இடங்கள்

சிஸ்ரெஸ் மாறும்போது வால்யூம் பெயரும் மாறும். பழைய பெயரை எழுதிவைத்த ஒவ்வொரு புரொஃபைலும் இப்போது காற்றைக் காவல் காக்கும்.

முதல் சந்தேகம், நம்பகமான நிரல்களைப் பட்டியலிடும் புரோகிராம் கிளாஸ். அதில் நூலகத்தின் பெயரோடு வால்யூமையும் கொடுக்கலாம். பழைய சிஸ்ரெஸ்ஸின் பெயர் அங்கே நேரடியாக இருந்தால், புதிய சிஸ்ரெஸ்ஸிலுள்ள அதே நூலகம் கட்டுப்பாட்டுக்குள் வராது. எஃப்டிபி, எஸ்எஸ்எச் போன்ற டீமன்கள் (பின்னணிச் சேவைகள்) ஐசிஎச்420ஐ செய்தியோடு விழும். வால்யூம் இடத்தில் ஆறு நட்சத்திரக்குறி போட்டால், எந்த வால்யூமிலிருந்து ஐபிஎல் ஆனதோ அதையே ரேக்எஃப் எடுத்துக்கொள்ளும். மாற்றிவிட்டு வென்-புரோகிராம் ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதீர்கள். ரெஃப்ரெஷ் இல்லாமல் மாற்றம் உயிர்பெறாது.

புதிய வெளியீட்டில் புதிதாக வரும் நூலகங்களுக்கும் அங்கே இடம் தேவைப்படலாம்.

அடுத்தது ஒற்றை டேட்டாசெட்டுக்கென்றே எழுதிய டிஸ்க்ரீட் புரொஃபைல்கள். இவை வால்யூமோடு சேர்த்தே பதிவாகின்றன. அன்லோடு கோப்பில் பழைய வால்யூம் பெயரைத் தேடினால் ஐந்து நிமிடத்தில் அகப்படும். முடிந்தவரை, பெயர் வடிவத்தால் பலவற்றைக் காக்கும் ஜெனரிக் புரொஃபைலாக மாற்றிவிடுங்கள். ஏபிஎஃப் பட்டியலையும் இதே கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

## 7. புதிய வெளியீடு கேட்கும் ஐடிகளும் குழுக்களும்

புதிய ஸ்டார்ட்டட் டாஸ்க்குகளுக்கு ஐடி, குழு, ஸ்டார்ட்டட் கிளாஸ் புரொஃபைல் எல்லாம் வேண்டும். ஐபிஎம் அனுப்பும் நிறுவல் தொகுப்பான சர்வர்பேக்கோடு மாதிரி ஜாப்கள் வரும். அவை மாதிரிகள் மட்டுமே. ஆனால் புதியவர்கள் அவற்றை அப்படியே சப்மிட் செய்துவிடுகிறார்கள்.

அந்த ஜாப்கள் உங்கள் தளத்தின் வரலாறு தெரியாமல் எழுதப்பட்டவை. அதிலுள்ள யூஐடி (யுனிக்ஸ் பயனர்) எண் உங்களிடம் வேறு ஒருவருக்குப் போயிருக்கும். நீங்கள் இறுக்கி வைத்த ஒரு புரொஃபைலை அது தளர்த்தலாம். ஒவ்வொரு வரியையும் படித்து, தேவையானதை மட்டும் உங்கள் பெயரிடும் முறைக்கு மாற்றி, தனி ஜாப்பாக எழுதுங்கள். இதைக் கட்ஓவருக்கு முன்பே பழைய சிஸ்டத்தில் ஓட்டிவிடலாம், புதிய ஐடி சும்மா இருப்பதால் பழைய சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐபிஎல் இரவுக்கு அவ்வளவு வேலை குறையும்.

சான்றிதழ்களையும் இந்தக் கட்டத்தில் பாருங்கள். கட்ஓவருக்கு அடுத்த சில வாரங்களில் காலாவதியாகும் எதையும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தப் பழியும் மேம்படுத்தலின் மேல் விழும், இரண்டு நாள் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

## 8. தனி எல்பாரில் ஒத்திகை

உற்பத்தி தரவுத்தளத்தின் பிரதியோடு, பகிர்வு இல்லாத ஒரு எல்பாரில் புதிய சிஸ்டத்தை எழுப்புங்கள். வெற்றுத் தரவுத்தளத்தோடு ஒத்திகை பார்த்துப் பயனில்லை. உங்கள் பிரச்சினைகள் உங்கள் புரொஃபைல்களில்தான் இருக்கின்றன.

அந்தப் பிரதியில் எல்லாருடைய கடவுச்சொற்களும் குறியாக்கப்பட்ட வடிவில் இருக்கும். சோதனை எல்பார்தானே என்று எல்லாருக்கும் படிக்க அனுமதி கொடுத்தால், கடவுச்சொல் உடைக்கும் கருவிக்குத் தீனி போட்டதாகிவிடும். உற்பத்திக்கு என்ன காவலோ, பிரதிக்கும் அதே காவல்.

ஒத்திகையில் திரும்பிப் போவதையும் செய்து பாருங்கள். 3.1-இல் எழுப்பி, சில கடவுச்சொற்களை மாற்றி, ஒரு புரொஃபைல் சேர்த்து, பிறகு அதே தரவுத்தளத்தோடு 2.5-ஐ எழுப்புங்கள். இதைச் செய்யாமல் "ஃபால்பேக் தயார்" என்று எழுதாதீர்கள்.

## 9. பேக்கப்: எந்தக் கருவி, ஏன்

இயங்கும் ரேக்எஃப் தரவுத்தளத்தைச் சாதாரண நகல் கருவியால் எடுக்கக் கூடாது. நகல் பாதி ஓடும்போது ஒருவர் கடவுச்சொல் மாற்றினால், குறியீட்டுத் தொகுதி ஒரு நிலையிலும் தரவுத் தொகுதி இன்னொரு நிலையிலும் பதிவாகும். நகல் வெற்றி என்றுதான் ஜாப் சொல்லும். மீட்டெடுக்கும்போதுதான் குட்டு உடையும்.

ஐஆர்ஆர்யூடி200 பயன்படுத்துங்கள். அது தரவுத்தளத்தைப் பூட்டிக்கொண்டு தொகுதிக்குத் தொகுதி நகலெடுக்கும், குறியீட்டு அமைப்பையும் காலியிட வரைபடத்தையும் சோதிக்கும். அறிக்கையைத் திறந்து படியுங்கள், ரிட்டர்ன் கோடை மட்டும் பார்த்து நகராதீர்கள். சேதம் இருந்தால் இப்போதே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி. சேதத்தைச் சுமந்துகொண்டு புதிய வெளியீட்டுக்குள் போகக் கூடாது.

தரவுத்தளம் பல டேட்டாசெட்களாகப் பிரிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

மறுசீரமைப்பு தேவை என்றால் அது ஐஆர்ஆர்யூடி400-இன் வேலை. ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். லாக்இன்புட் என்று கொடுத்து ஓட்டிவிட்டு, அதே தரவுத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், அன்லாக்இன்புட் ஓட்டும்வரை அதில் எதையும் புதுப்பிக்க முடியாது. "காலையிலிருந்து யாராலும் கடவுச்சொல் மாற்ற முடியவில்லை" என்ற அழைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த மறதிதான்.

## 10. டெம்ப்ளேட்: சின்ன ஜாப், பெரிய கவனம்

தரவுத்தளத்தில் ஒவ்வொரு வகைப் பதிவிலும் என்னென்ன புலங்கள் உண்டு என்று சொல்லும் வரைபடம்தான் டெம்ப்ளேட். புதிய வெளியீட்டில் புதிய புலங்கள் வரும், ஆகவே வரைபடமும் மாற வேண்டும். ஐஆர்ஆர்மின்00 என்ற நிரலை பார்ம் (அளவுரு) அப்டேட்டோடு ஓட்டினால் அது நடக்கும்.

இங்கே மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்று, பழைய சிஸ்டத்தின் ஐஆர்ஆர்மின்00-ஐ ஓட்டுவது. அதனிடம் பழைய டெம்ப்ளேட்தான் இருக்கிறது, ஓட்டினாலும் ஒன்றும் மாறாது. ஐபிஎல்லுக்கு முன்பே ஓட்டுவதானால், புதிய வெளியீட்டின் லிங்க்லிப் நூலகத்தை ஜாப்பின் ஸ்டெப்லிப்பில் கொடுத்து ஓட்டுங்கள். அந்த நூலகம் ஏபிஎஃப் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

இரண்டு, முதன்மை தரவுத்தளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு பேக்கப்பை மறப்பது. ஆறு மாதம் கழித்து ஒரு அவசரத்தில் பேக்கப்புக்கு மாறும்போது பழைய டெம்ப்ளேட் முன்னால் நிற்கும். முதன்மை, பேக்கப், பிரிக்கப்பட்டிருந்தால் எல்லாத் துண்டுகள் என ஒவ்வொன்றிலும் ஓட்டுங்கள்.

மூன்று, பார்மில் அப்டேட்டுக்குப் பதில் நியூ. நியூ என்றால் வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கு என்று பொருள். இந்த ஜாப்பை யாருடைய பழைய நூலகத்திலிருந்தும் எடுக்காதீர்கள். நீங்களே எழுதி, இன்னொருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, அப்புறம் சப்மிட் செய்யுங்கள்.

டெம்ப்ளேட்டை ஐபிஎல்லுக்கு முன்பே மாற்றினால் பழைய சிஸ்டத்துக்கு என்ன ஆகும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஒன்றும் ஆகாது. ஆதரவுள்ள பழைய வெளியீடு புதிய டெம்ப்ளேட்டோடு ஓடும், ஃபால்பேக்குக்காகத் திரும்ப இறக்க வேண்டியதும் இல்லை. மாற்றாமல் விட்டால் புதிய சிஸ்டம் தன்னிடம் உள்ள டெம்ப்ளேட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு எழும், ஐசிஎச்579இ செய்தியில் அப்டேட் ஓட்டச் சொல்லும். எழுந்துவிட்டதே என்று அந்தச் செய்தியை விட்டுவிடாதீர்கள்.

## 11. ஐபிஎல் இரவு

பேக்கப் முடிந்தது, டெம்ப்ளேட் மாறியது, பேக்கப் தரவுத்தளம் ஆக்டிவாக இருக்கிறதென்று ஆர்வேரி லிஸ்ட்டில் பார்த்தாயிற்று. இப்போது ஐபிஎல்.

பல எல்பார்கள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். மற்றவை 2.5-இலேயே இருக்கட்டும், நான்காம் பிரிவில் போட்ட பிடிஎஃப்கள் இதற்காகத்தான். முதலாவது சில நாள் நன்றாக ஓடிய பிறகு அடுத்தது.

கன்சோலில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். ஐசிஎச்520ஐ ரேக்எஃப் இயங்குவதைச் சொல்லும், 3.1 என்றால் அதில் எச்ஆர்எஃப்77இ0 என்று இருக்க வேண்டும். ஐசிஎச்508ஐ எக்சிட் பட்டியல், மூன்றாம் பிரிவில் வெட்டி வைத்த வரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஐசிஎச்579இ வரவே கூடாது.

எக்சிட் பட்டியல் குறைந்திருந்தால் பயனர்களை உள்ளே விடாதீர்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைப்பில் யாராவது சொல்வார்கள். அந்த இடத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்.

## 12. மறுக்க வேண்டியது மறுக்கப்படுகிறதா?

பெரும்பாலான சோதனைப் பட்டியல்கள் "லாகான் ஆகிறதா, ஜாப் ஓடுகிறதா, சிஐசிஎஸ் (பரிவர்த்தனைகளை நடத்தும் மென்பொருள்) எழுந்ததா" என்றே போகும். பாதுகாப்பே இல்லாத சிஸ்டத்திலும் இதெல்லாம் நன்றாகவே நடக்கும்.

ஆகவே மறுப்புச் சோதனைகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஐடியை எடுத்து, சம்பளக் கோப்பைத் திறக்க முயலுங்கள். ஏபிஎஃப் நூலகத்தில் எழுத முயலுங்கள். பயன்படுத்தக் கூடாத சிஐசிஎஸ் பரிவர்த்தனையைத் தட்டுங்கள். யுனிக்ஸ் பக்கத்தில் சூப்பர்யூசராக மாறப் பாருங்கள். விதிக்கு ஒவ்வாத கடவுச்சொல் ஒன்றை வைக்கப் பாருங்கள். ரேக்எஃப் தடுத்த அணுகல்களுக்கு ஐசிஎச்408ஐ வர வேண்டும். எஸ்எம்எஃப்பில் பதிவாகவும் வேண்டும், மறுத்துவிட்டுப் பதிவு செய்யாமல் போனாலும் அது குறைதான்.

இந்தச் சோதனைகளை ஸ்பெஷல் அதிகாரமுள்ள உங்கள் சொந்த ஐடியால் செய்யாதீர்கள். அந்த ஐடிக்கு உள்ள மற்ற அனுமதிகளால் எல்லாம் திறந்துகொண்டு போகலாம், முடிவுக்கு அர்த்தமிருக்காது.

அப்புறம் செட்ராப்ட்ஸ் லிஸ்ட்டையும் டிஎஸ்மானையும் மறுபடி எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஹெல்த் செக்கரில் ரேக்எஃப் என்று தொடங்கும் சோதனைகளை ஓட்டுங்கள். முக்கிய சிஸ்டம் டேட்டாசெட்களுக்கான சோதனை, புதிய சிஸ்ரெஸ்ஸில் காவல் இல்லாமல் கிடக்கும் நூலகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மறுநாளும் ஒரு வாரமும் எஸ்எம்எஃப் 80 எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமாக நாளைக்கு இருநூறு மறுப்பு வரும் இடத்தில் இருபது வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், எந்த கிளாஸ் மௌனமாகிவிட்டது என்று தேடுங்கள்.

## 13. திரும்பிப் போக நேர்ந்தால்

பழைய சிஸ்ரெஸ்ஸிலிருந்து ஐபிஎல் செய்யுங்கள், ஆனால் தரவுத்தளம் இப்போது இயங்கும் அதே தரவுத்தளம்தான். இதை ஃபால்பேக் திட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பதற்றத்தில் பலர் வெள்ளிக்கிழமை எடுத்த பேக்கப்பையும் சேர்த்து மீட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கடவுச்சொல் மாற்றிய எல்லாருக்கும் பழைய கடவுச்சொல் திரும்பிவிடும், ஹெல்ப்டெஸ்க் திணறும். அதைவிட மோசம், இடையில் வேலையை விட்டுப் போனவர்களின் ரிவோக் செய்யப்பட்ட ஐடிகள் மறுபடி உயிர்பெறும். பறித்த அதிகாரங்களும் திரும்பி வரும். எந்தச் செய்தியும் வராது.

பேக்கப்பை மீட்பது தரவுத்தளம் உண்மையிலேயே சேதமடைந்தால் மட்டும். அப்போதுகூட முதலில் ஆர்வேரி ஸ்விட்ச் கொடுத்து இணை பேக்கப்புக்கு மாற முடியுமா என்று பாருங்கள். அது கடைசி நொடிவரை கூடவே ஓடி வந்த பிரதி. வேறு வழியே இல்லாமல் பழைய பேக்கப்பை மீட்டால், அதற்குப் பிறகான எஸ்எம்எஃப் பதிவுகளிலிருந்து ரிவோக், டெலீட், அதிகாரக் குறைப்பு ஆகியவற்றை எடுத்து, பயனர்களை விடுவதற்கு முன் மறுபடி செயல்படுத்துங்கள்.

## 14. ஃபால்பேக் ஜன்னல் மூடும்வரை

எல்லா எல்பார்களும் 3.1-க்கு வந்து, இனி திரும்புவதில்லை என்று எழுத்தில் முடிவாகும்வரை, புதிய வெளியீட்டில் மட்டும் உள்ள எந்த ரேக்எஃப் வசதியையும் இயக்காதீர்கள். பழைய சிஸ்டம் அதைப் புரிந்துகொள்ளாது, புரியாததைப் பெரும்பாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். பாதுகாப்பில் பொருட்படுத்தாமல் விடுவதுதான் ஓட்டை.

முடிவான பிறகு ஒத்திவைத்தவற்றை ஒவ்வொன்றாக, தனித்தனி மாற்றக் கோரிக்கையில் எடுங்கள். கடவுச்சொற்களைக் குறியாக்க இன்னும் பழைய டிஇஎஸ் முறைதான் ஓடுகிறதென்றால் அதைவிட வலுவான கேடிஎஃப்ஏஇஎஸ்ஸுக்கு மாறுவதை முதலில் வையுங்கள். ஒத்திகைக்காக எடுத்த தரவுத்தளப் பிரதிகளைத் தேடி அழியுங்கள். அவசர ஐடியின் கடவுச்சொல்லையும் ஆர்வேரி கடவுச்சொற்களையும் மாற்றுங்கள், அந்த இரவு அழைப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அவை இப்போது தெரியும்.